வெடிமருந்து செய்த ஊரில் ஒரு துப்பாக்கியின் விலை

1

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று பூநாரைகளைப் பற்றி எழுதுகிறார்கள், அல்லது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறொரு பொருள். சட்டைப் பையில் அடங்கக்கூடிய மலிவான கைத்துப்பாக்கி ஒன்றை வாங்குவது தகுமா, தகாதா என்பது.

கேள்வி என்னுடையது அல்ல. ஏரிக்கரையோரக் காலனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டது. வலை போடும் இடத்தில் தகராறு, அடி, மிரட்டல், அதற்குப் பிறகு இந்தக் கேள்வி. "எத்தினி நாளைக்குத்தான் அண்ணே பயந்துக்கினே தொழில் பண்றது? சின்னதா ஒண்ணு வாங்கி இடுப்புல வச்சிக்கினா ஒருத்தன் கிட்ட வருவானா?" உடனிருந்த தோழர்களில் ஒருவர் அகிம்சை பற்றிப் பேசத் தொடங்கினார். இன்னொருவர் ஆயுதப் போராட்டத்தின் வரலாற்றுத் தேவை பற்றி. இரண்டுமே பதில் அல்ல. அவர் கேட்டது ஒரு பொருளின் விலையையும் பயனையும். அதை அந்தத் தளத்திலேயே எதிர்கொள்வதுதான் மரியாதை. ஆனால் விலை என்பது கடைக்காரர் சொல்லும் எண் மட்டும் இல்லையே. அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பழவேற்காட்டுக்கே ஒரு இடமும் இருக்கிறது.

2

1610இல் சந்திரகிரி அரசரிடம் அனுமதி பெற்று டச்சுக் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் பண்டகசாலையைத் தகர்த்தார்கள். 1613இல் ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. துணி வியாபாரம்தான் நோக்கம் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1620களில் இங்கே ஒரு வெடிமருந்துச் சாலை நிறுவப்பட்டது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துக் கலந்து செய்த மருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் இலங்கைக்கும் ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் போய்க்கொண்டிருந்தது. ஜாதிக்காய்த் தீவுகளை அடக்கி வைத்த பீரங்கிகளுக்கு இந்தக் கரையும் தீனி போட்டது.

அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சத்திலும் போரிலும் விற்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆக, ஒரே கரையில் இரண்டு சரக்கு: வெடிமருந்து, அடிமை. மருந்து செய்த இடத்துக்காரர்களுக்கு அந்த மருந்தின் மேல் எந்த உரிமையும் இல்லை. ஆயுதம் எங்கே உற்பத்தியாகிறது என்பதும் யார் கையில் தங்குகிறது என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். பழவேற்காடு நமக்குத் தரும் முதல் பாடம் இதுதான்.

கோட்டையை 1806இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். 1824 ஒப்பந்தத்துக்குப் பின் 1825இல் ஊர் முழுதாக அவர்கள் கைக்குப் போனது.

3

அதற்குச் சற்று முன்பே தமிழ்நாட்டில் பெரிய அளவில் ஆயுதப் பறிப்பு நடந்துவிட்டது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் கம்பெனி அரசு வெளியிட்ட பிரகடனம், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1857க்குப் பிறகு அது அகில இந்தியக் கொள்கையாயிற்று. 1860இல் ஒரு சட்டம், 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். அதே 1878இல்தான் சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டமும் வந்தது. துப்பாக்கியும் அச்சு எழுத்தும் ஒரே ஆண்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? பத்திரிகைச் சட்டம் நான்கே வருடத்தில் போய்விட்டது. ஆயுதச் சட்டம் தங்கியது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது.

காங்கிரஸ் இதைத் தேசிய அவமானமாகவே பேசிவந்தது. காந்தியே ஆயுதச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கறைபடிந்த செயல்களில் ஒன்றாகக் கண்டார். 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. கட்டற்ற உரிமை என்றால் அது குற்றவாளிக்கும் சேர்ந்தே போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். காலம் காலமாக ஆயுதம் மறுக்கப்பட்ட மக்களின் தலைவர் இதைச் சொன்னார் என்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். சாதி அப்படியே இருக்கும் ஒரு ஊரில் 'எல்லோருக்கும் ஆயுதம்' என்றால் முதலில் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்தால் அந்த மறுப்பு வேறு மாதிரி அர்த்தப்படுகிறது.

1959இல் வந்த சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டமும் உரிமத்தின் சட்டம்தான். விலக்கின் தர்க்கமும் தொடர்ந்தது. குடகர்களுக்குக் காலனிய காலத்தில் கிடைத்த விலக்கு 2019இல் மறுபடி 2029 வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு சமூகத்திற்கு அது வீரப் பாரம்பரியம். இன்னொரு சமூகத்தவன் கையில் அதே பொருள் கிடைத்தால் அது 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை'. துப்பாக்கி என்ற பிரதியை வாசிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

4

சரி, கணக்குக்கு வருவோம்.

2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2014இல் கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெண்களுக்கானது, கைப்பைக்குள் அடங்கும், எடை ஏறக்குறைய 500 கிராம் என்று விளம்பரம். விலை 1,22,360 ரூபாய். அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்மணிக்கு அரசு சொன்ன பாதுகாப்பின் விலை இது. அவருக்குத் தேவைப்படுவது கடைசி பஸ்சும் சந்தையில் ஒரு கழிப்பறையும் தெருவிளக்கும். பாதுகாப்பைத் தனிமனிதர் வாங்கும் சரக்காக மாற்றிவிட்டால் இவையெல்லாம் கேட்க வேண்டாதவை ஆகிவிடுகின்றன. பெண் மீதான வன்முறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து, தெரிந்த ஆளிடமிருந்து வருகிறது. அந்த வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்கு முதலில் எட்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

விலையைப் புரட்டினாலும் லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் போலீஸ் அறிக்கை போகும். உயிருக்கு என்ன ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும். 2016 விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழும் வீட்டில் பத்திரமாகப் பூட்டிவைக்கும் வசதியும் காட்ட வேண்டும். ஓலைக் கூரைக்கும் பூட்டு இல்லாத கதவுக்கும் அந்தப் படிவத்தில் இடம் இல்லை. தகராறில் ஏற்கெனவே ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடி வாங்கியவன் மீதும் எதிர்வழக்கு போடுவது நம் காவல் நிலையங்களின் வழக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியாதது அல்ல. மீறிக் கிடைத்தாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் நேரத்தில்தான் காலனிக்கு அடி விழும் என்பது வேறு விஷயம்.

அப்போ கள்ளத் துப்பாக்கி? வடக்கே அதற்குக் 'கட்டா' என்று பெயர். பீகாரின் முங்கேர் இதற்குப் பேர்போன ஊர். மீர் காசிம் 1760களில் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதச் சாலை வைத்ததிலிருந்து தொடரும் கைத்தொழில் மரபு, பின்னால் கள்ளச் சந்தையாகவும் கிளைத்தது. மலிவுதான். ஆனால் ஏதோ ஒரு இரும்புக் குழாயைக் குழலாக்கிய ஒற்றைத் தோட்டா ஆயுதம், எதிரியைச் சுடுவதற்கு முன் சுடுகிறவன் கையிலேயே வெடிக்கலாம். ஏரியின் உப்புக் காற்று நல்ல இரும்பையே விட்டுவைப்பதில்லை. தோட்டா கிடைக்காது. பழகிப் பார்க்க இடம் கிடையாது. குட்டைக் குழல் துப்பாக்கி பத்தடிக்கு அப்பால் குறி தப்பும், அதுவும் ஆடுகிற படகில் நின்றுகொண்டு. பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பின், வைத்திருந்ததற்கு மட்டுமே இரண்டு முதல் ஐந்தாண்டு சிறை. அதற்கும் மேல் ஒன்று உண்டு. அதுவரை 'தாக்கப்பட்டவர்' என்று இருந்தவர் அன்றிலிருந்து 'ஆயுதம் தாங்கியவர்'. அடித்தவனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். மீதியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

5

மலிவான கைத்துப்பாக்கியின் அரசியலை விளங்கிக்கொள்ள அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு உதவும். அடிமை முறை ஒழிந்தபின் 1879இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ராணுவம், கடற்படை பயன்படுத்தும் மாதிரியைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ராணுவ மாதிரி விலை உயர்ந்தது. பழைய அடிமைச் சொந்தக்காரர்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஏழைக் கறுப்பருக்கு எட்டக்கூடியது மலிவு ரகம் மட்டுமே. விலையே நிறச் சுவராக நின்றது.

இதைப் பார்த்துத்தான் ஐடா பி. வெல்ஸ் 1892இல் ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் ஒரு ரைபிளுக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று எழுதினார். அவரை நாம் எளிதாக ஒதுக்க முடியாது. கும்பல் கொலைகளை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கண்ட ஆயுதம் ஒரு சமூகமே தன்னைக் காத்துக்கொண்ட சந்தர்ப்பங்களோடு சேர்ந்தது, தனி ஒருவன் இடுப்பில் ஒளித்துவைத்தது அல்ல. 1964இல் லூசியானாவில் உருவான தற்காப்புக் குழுவும் அமைப்பாகவே நின்றது. மாறாக, 1970களிலிருந்து துத்தநாகக் கலவையில் வார்த்து லட்சக்கணக்கில் விற்ற மலிவுத் துப்பாக்கிகள் ஏழைத் தெருக்களையே சுட்டன. வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கும் அந்த வீட்டில் கொலை நடப்பதற்கும் ஏறக்குறைய 2.7 மடங்கு தொடர்பு இருப்பதாக 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அதன் மேல் விவாதம் உண்டு. ஆனாலும் காவல் என்று வாங்கியது வீட்டுக்காரரையே திரும்பிப் பார்க்கும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

6

நம்மிடம் துப்பாக்கி யாரிடம் இருந்தது? 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியைத் திரும்பப் பாருங்கள். 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். அந்த இரவில் துப்பாக்கியோடு வந்தது மிராசுதாரர் கும்பல். ஆகவே 'நாமும் ஒன்று வாங்கலாமா' என்பதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி, 'அவர்களிடம் ஏன் இருக்கிறது' என்பது.

சட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வாசல் உண்டு. அதை நாம் தட்டுவதே இல்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3ஆம் விதி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதியை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. அங்கே தேவைப்பட்டால் தலித், பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். கள்ள ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆதிக்கத்தின் கையிலிருந்து ஆயுதத்தை இறக்குவது. பிறகுதான் மற்றது.

பழவேற்காட்டுத் தகராறின் வேர் ஆயுதத்தில் இல்லை, பாட்டில் இருக்கிறது. பாடு என்றால் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு. பிறப்பால் பட்டினவர் குடும்பங்களுக்கு வந்த உரிமை. பகிர்வு முறை என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டுக்குரியதுதான், உள்ளே இருப்பவர்களுக்கு. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும் காலனி மக்களுக்கும் அந்த முறையில் முறையே கிடையாது. இன்னொரு பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வந்த பிறகு மணலும் முகத்துவாரமும் மீனும் எல்லோருக்குமே நிச்சயமில்லாமல் போய்விட்டன. சுருங்குகிற தண்ணீரில் பாடு உள்ளவரும் இல்லாதவரும் மோதுகிறார்கள். இந்த மோதலில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி ஏறினால் அடுத்த வாரம் பத்து இடுப்பில் ஏறும். அப்போதும் பாடு அதே கையில்தான் இருக்கும்.

ஆகவே என் பதில்: வேண்டாம், வாங்காதே தம்பி. அகிம்சை புனிதம் என்பதற்காக அல்ல. அந்தக் காசுக்கு அது உன்னைக் காப்பாற்றாது, உன் வழக்கையும் கெடுக்கும் என்பதற்காக. ஆனால் இதை அவரிடம் சொல்லிவிட்டு நாம் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டால் அது நாணயம் ஆகாது. பொன்னேரி வட்டத்தில் ஆயுத உரிமங்கள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும். 3ஆம் விதியின் கீழ் இந்தப் பகுதியை அடையாளம் காணச் சொல்லி மனு போடலாம். அடிபட்டவர் புகாரை எஃப்.ஐ.ஆர். ஆக்கும்வரை ஸ்டேஷன் வாசலில் இருபது பேர் உட்காரலாம். பாட்டில் பங்கு கேட்கும் பேச்சை, துறைமுகத்தை எதிர்க்கும் அதே மேடையில் எழுப்பலாம். அங்கே சங்கடம் வரும். வரட்டும். சாதியைப் பேசாமல் ஏரியை மட்டும் காப்பாற்றினால் அது யாருடைய ஏரி?

இத்தனையும் நாம் செய்யத் தயாராக இல்லை என்றால், "வாங்காதே" என்று சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை.