ஆடிக்கொண்டே பயிற்றுவித்தவர்: பில் ரசல்

1966 ஏப்ரல் 17ஆம் திகதி, அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் இறுதித் தொடரில், முதல் ஆட்டத்தை லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியிடம் பொஸ்டன் செல்ரிக்ஸ் இழந்தது. மறுநாள் காலைப் பத்திரிகைகள் லேக்கர்ஸின் வெற்றியையே பேசியிருக்க வேண்டும். ஆனால் செல்ரிக்ஸ் பயிற்றுநர் ரெட் அவர்பாக், ஓய்வுபெறவிருந்த தம்முடைய இடத்துக்கு வருபவர் யார் என்பதை அந்தத் தருணம் பார்த்து அறிவித்தார். அடுத்த பருவத்திலிருந்து அணியின் பயிற்றுநர் பில் ரசல். அவர் தொடர்ந்து ஆடவும் செய்வார். தலைப்புச் செய்தி மாறிப்போயிற்று. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் அவர்பாக்கின் அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் வியக்கிறேன். இறுதித் தொடரையும் ஏழாவது ஆட்டத்தில் 95க்கு 93 என்று பொஸ்டனே வென்றது.

அந்தச் சங்கத்தில் தலைமைப் பயிற்றுநரான முதல் கறுப்பினத்தவர் ரசல். 1920களில் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பிரிட்ஸ் பொலார்ட் என்ற கறுப்பினத்தவர் பயிற்றுநராக இருந்திருக்கிறார். அதை அப்போது பலரும் மறந்திருந்தனர். ரசலிடம் செய்தியாளர் ஒருவர் கேட்டார்: வெள்ளையருக்கு எதிரான தலைகீழ்ப் பாரபட்சம் எதுவுமின்றி இப்பணியைச் செய்ய முடியுமா என்று. முடியும் என்றார் ரசல். எப்படி என்று மீண்டும் கேட்கப்பட்டது. மனிதரை அவரவர் திறமைக்காக மதிப்பதே இதில் முக்கியம் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். அதற்கு முன்னர் எந்த வெள்ளையினப் பயிற்றுநரிடமாவது இப்படியொரு கேள்வி கேட்கப்பட்டதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

ரசல் 1934இல் லூசியானா மாநிலத்தின் மன்றோ நகரில் பிறந்தவர். குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். பாடசாலை நாட்களில் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று எவரும் கருதவில்லை. புலமைப்பரிசில் தர முன்வந்த ஒரே நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். சொந்த உடற்பயிற்சி மண்டபம்கூட இல்லாத அந்தக் கத்தோலிக்கக் கல்லூரி, ரசலையும் கே. சி. ஜோன்ஸையும் கொண்டு 1955இலும் 1956இலும் தேசிய சம்பியன் பட்டத்தை வென்றது. தோல்வியே காணாமல் தொடர்ச்சியாக 55 ஆட்டங்கள். கூடையின் கீழ் அவருடைய ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே கல்லூரிச் சங்கம் அங்குள்ள தடைப் பகுதியை ஆறு அடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலமாக்கியது என்பர்.

1956இன் இறுதியில் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பின்னரே அவர் செல்ரிக்ஸில் சேர்ந்தார். புள்ளிகள் குவிப்பது அவருடைய வேலையன்று. எதிரணியினர் எறியும் பந்தைத் தட்டிவிடுவதும், கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றித் தம்மவரிடம் சேர்ப்பதுமே வேலை. தட்டும் பந்தை அரங்கத்துக்கு வெளியே விளாசி இரசிகரை மகிழ்விக்காமல், தம் அணியினர் கைக்கு எட்டும்படி தட்டுவார். இந்த ஒரு பழக்கத்திலேயே பின்னாளைய பயிற்றுநர் தெரிகிறார் என்பது என் எண்ணம். பதின்மூன்று பருவங்களில் பதினொரு சம்பியன் பட்டங்கள். 1959 முதல் 1966 வரை இடைவிடாமல் எட்டு.

அவ்வளவு வெற்றிகளைத் தேடித்தந்தவரைப் பொஸ்டன் எப்படி நடத்தியது? புறநகரான ரெடிங்கில் அவருடைய வீட்டை உடைத்து உட்புகுந்தவர்கள் சுவர்களில் இனவெறி வசைகளை எழுதி, படுக்கையில் மலத்தை விட்டுச் சென்றனர். 1961இல் கென்ரக்கியின் லெக்சிங்டன் நகரில், ஹோட்டல் சிற்றுண்டிச்சாலை சக வீரர்கள் இருவருக்கு உணவு தர மறுத்தபோது, ரசலும் ஏனைய கறுப்பின வீரர்களும் ஆடாமலே ஊர் திரும்பினர்.

இந்தப் பின்னணியோடுதான் அவர் பயிற்றுநரானார். உதவிப் பயிற்றுநர் எவரும் இல்லை. களத்தின் நடுவே பந்துக்காகப் போராடும்போதே, யாரை மாற்றுவது, எப்போது ஓய்வு நேரம் கோருவது என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். முதற் பருவத்தில் 60 வெற்றி, 21 தோல்வி. ஆயினும் வில்ற் சேம்பர்லேனின் பிலடெல்பியா அணி அவர்களை 4 - 1 என வீழ்த்தியது. எட்டாண்டு ஆட்சி முடிந்தது. ரசலுக்குப் பயிற்றுநர் வேலை ஒத்துவராது என்ற பேச்சும் எழுந்தது. மறு ஆண்டு அதே பிலடெல்பியாவிடம் 1 - 3 எனப் பின்தங்கியிருந்து, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, பின்னர் லேக்கர்ஸையும் வென்றார்.

1969 இன்னும் கடினம். வயது 35, முழங்கால்கள் தேய்ந்திருந்தன, கிழக்குப் பிரிவில் அணிக்கு நான்காம் இடம். இறுதி ஆட்டம் லொஸ் ஏஞ்சல்ஸில். வெற்றி விழாவுக்கென லேக்கர்ஸ் உரிமையாளர் அரங்கக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். பொஸ்டன் 108 - 106 என வென்றது. பலூன்கள் அங்கேயே இருந்தன. அந்த ஆட்டத்தில் ரசல் பெற்ற புள்ளிகள் ஆறுதான். கைப்பற்றிய பந்துகள் 21. அத்தோடு ஓய்வு.

பிந்திய கதை அவ்வளவு பிரகாசமானதல்ல. 1973 முதல் 1977 வரை சியாற்றில் அணியைப் பயிற்றுவித்து, 1975இல் அதன் வரலாற்றில் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுசென்றார். 1987இல் பொறுப்பேற்ற சாக்ரமென்டோவில் 17 வெற்றி, 41 தோல்வி. பருவம் முடியுமுன்னரே நீக்கப்பட்டார். தாம் இயல்பாகச் செய்ததைப் பிறருக்குச் சொல்லித்தருவது பெரிய வீரர்களுக்கு எளிதாக அமைவதில்லை என்பர். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. பொஸ்டனில் பயிற்றுநர் ரசலுக்கு வீரர் ரசல் கிடைத்திருந்தார். பிற இடங்களில் அவர் இல்லை.

பொஸ்டனை அவர் எளிதில் மன்னிக்கவில்லை. 1972இல் அவருடைய 6ஆம் இலக்கச் சட்டை அரங்கில் உயர்த்தப்பட்டபோது, இரசிகர்கள் உள்ளே வருமுன் வெற்று அரங்கிலேயே அச்சடங்கு நடக்கவேண்டும் என்றார், அப்படியே நடந்தது. 1975இல் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது விழாவுக்குப் போகவில்லை. அதற்குரிய மோதிரத்தை 2019இல்தான் ஏற்றுக்கொண்டார். 1950இல் இச்சங்கத்தின் வீரர் தேர்வில் முதன்முதலாகத் தெரிவான கறுப்பினத்தவர் சக் கூப்பர். அவர் அந்த ஆண்டில்தான் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 2021இல் ரசல் பயிற்றுநர் என்ற தகுதியில் இரண்டாம் முறையாகச் சேர்க்கப்பட்டார்.

2022 ஜூலை 31ஆம் திகதி, 88ஆவது வயதில் காலமானார். அடுத்த மாதமே சங்கத்தின் முப்பது அணிகளிலும் 6ஆம் இலக்கத்துக்கு ஓய்வளிக்கப்பட்டது. அப்போது அதை அணிந்திருந்த வீரர்களுக்கு மட்டும் தொடர்ந்து அணிய அனுமதி வழங்கப்பட்டது.