பலகை ஆலையில் பிறந்த கணக்கு



கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் பிள்ளைகள் உண்டு. "இதெல்லாம் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்த வரலாறு.

பல்கலைக்கழகங்களில் 'ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்', அதாவது செயலாய்வு என்றொரு பாடம் நடத்துகிறார்கள். கையிலுள்ள ஆள், பொருள், நேரம் இவற்றைக் கொண்டு அதிகப் பயன் பெறுவது எப்படி என்று கணக்கிடும் கலை அது. அதன் முக்கியப் பகுதியொன்று பிறந்த இடம் எது தெரியுமா? மரப்பலகைத் தொழில்!

ரஷ்யாவில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் லியோனித் கந்தோரோவிச். 14 வயதில் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 22 வயதில் பேராசிரியரானார். 1938-இல் பிளைவுட் தொழிலைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தார் அவரைத் தேடி வந்தனர். அவர்களிடம் 8 இயந்திரங்கள், 5 வகை மரங்கள். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை வெவ்வேறு வேகத்தில் சீவும். எதை எதில் கொடுப்பது?

சின்னக் கணக்காகப் பார்ப்போம். முதல் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் சிவப்பு மரத்தில் 6 பலகை சீவும். வெள்ளை மரத்தில் 5. இரண்டாவது இயந்திரம் சிவப்பில் 4, வெள்ளையில் 1. இரண்டு மரமும் வேண்டும். "முதலாவதுதானே சிவப்பை நல்லா சீவுது, அதுக்கே கொடு" என்போம். அப்படிச் செய்தால் 6-உம் 1-உம் சேர்ந்து 7 பலகை. மாற்றிக் கொடுத்தால் 5-உம் 4-உம் சேர்ந்து 9! ஆளும் அதே, நேரமும் அதே. கூடியது யோசனை மட்டுமே.

இரண்டு இயந்திரம் என்றால் மனக்கணக்குப் போதும். 8 இயந்திரம், 5 மரம் என்றால் வழிகள் பெருகிவிடும். அதற்கொரு முறை கண்டார் கந்தோரோவிச். எந்த நிலத்தில் எதைப் பயிரிடுவது, எந்தப் பாதையில் சரக்கு அனுப்புவது என்பதெல்லாம் இதே இனக் கணக்குத்தான் என்றும் உணர்ந்தார். 1939-இல் அவருடைய பல்கலைக்கழகமே அதைச் சிறு நூலாக வெளியிட்டது.

பாராட்டு உடனே வரவில்லை. நாட்டுப் பொருளாதாரத்துக்கே இம்முறையைப் பொருத்தி 1942-இல் அவர் எழுதிய பெரிய நூல், அந்நாட்டுப் பொருளாதார அறிஞர்களின் எதிர்ப்பால் 1959-இல்தான் அச்சேறியது. பதினேழு ஆண்டுகள்! இடையில் 1947-இல், இவரது நூலை அறியாமலே, அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்ஸிக் 'சிம்ப்ளெக்ஸ்' என்ற சிறந்த முறையைக் கண்டார். 1975-இல் கந்தோரோவிச்சுக்கும் கூப்மன்ஸ் என்பவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பெற்றோர்களே! பெரட்டுக் களத்தில் யாருக்கு எந்த நெறை என்று பிரிப்பதும் இந்த இனக் கணக்குத்தான். ஆகவே, நம் வேலையில் கல்வி இல்லை என்று எண்ணாதீர்கள். ஆலைக்காரர் கேட்ட கேள்வியை அலட்சியம் செய்யாத ஆசிரியரால்தான் உலகத்துக்கு ஒரு புதிய பாடம் கிடைத்தது. மாணவர்களே! வீட்டிலும் வேலைக்காட்டிலும் பெரியவர்கள் படும் சிரமத்தைக் கவனியுங்கள்; கேள்வி கேளுங்கள். வாய்பாட்டையும் மறவாதீர்கள்!