பனையேறியின் உள்ளங்கால்

நரம்புப் பரிசோதனைக்கு நாங்கள் வைத்திருந்த சாமான்கள் கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும்: குண்டூசி, பஞ்சு, சுத்தியல், டியூனிங் ஃபோர்க், டார்ச். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. எழுபதுகளில் நான் அங்கே படித்தபோது சி.டி. ஸ்கேன் சீமைச் சமாச்சாரம். லண்டனிலேயே 1971இல்தான் முதல் நோயாளியைப் படம் எடுத்திருந்தார்கள். ஹைகிரவுண்டு என்று ஊரில் சொல்லும் கல்லூரி ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கையும் கேள்வியும்தான்.

பதநீர் இறக்கும் மாதங்களில் பனையிலிருந்து விழுந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். குண்டூசியைக் காலில் தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். "குத்துதாய்யா, சும்மா தொடுத மாரி இருக்கா?" தொப்புளில் சுரீரென்றால் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது கண்ணி, முலைக்காம்பு மட்டமென்றால் நாலாவது. முறிந்த எலும்பைத் தேட அந்த எண்ணில் ஏறக்குறைய இரண்டைக் கழித்துக்கொள்வோம். தோலில் பேனாவால் கோடு போட்டு வைப்பது வழக்கம். மறுநாள் உணர்ச்சியற்ற எல்லை கோட்டைத் தாண்டி மேலேறியிருந்தால் வார்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம்.

பிறகு உள்ளங்கால். வெளியோரமாகக் கீறும்போது பெருவிரல் மேலே எழும்பினால் மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டிருக்கிறது என்று 1896இல் பாரிஸில் பாபின்ஸ்கி சொன்னார். அடிபட்ட புதிதில் எதுவும் அசையாது, சில நாள் பொறுக்க வேண்டும். பொறுத்த பின்னும் எங்களுக்குத் தகராறுதான். அவர் பார்த்தவை செருப்புக்குப் பழகிய பாதங்கள். பிறந்தது முதல் வெறுங்காலோடு மரமேறியவரின் உள்ளங்காலில் சாவியால் கீறினால் சாவிதான் தேயும். 'அசைவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிப்போவது சுலபம்; அது தோலைப் பற்றிய செய்தி, நரம்பைப் பற்றியதல்ல. வெளிக்கணுக்காலுக்குக் கீழே கீறச் சொல்லிக்கொடுத்தார் எங்கள் சீனியர். அங்கே தோல் மெலிசு, விரல் பதில் சொல்லும். அமெரிக்கரான சாடாக் 1911இல் எழுதியது. ஜப்பானியர் யோஷிமுரா 1906இலேயே சொல்லிவிட்டார். நம்மூருக்கு அதைத்தான் முதல் சோதனையாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

கேள்விகளும் அப்படித்தான். தேதி கேட்டால் விழிக்கும் கிழவர், ஆனித் தேரோட்டம் முடிந்து எத்தனை நாள் என்றால் டக்கென்று சொல்வார்.

கோடு போட்டுவிட்டோம், அப்புறம்? எங்களிடம் விடையில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தன் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் அங்கே மறுவாழ்வுப் பயிற்சி வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத ஓர் ஊர்ப் பெயர் கிடைத்தது.