வில்லின் அடிக்கட்டையும் நாவுலப் பக்கத்துக் கருங்காலியும்

மாத்தளை மாவட்டத்தில், கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை மலைச்சரிவுகளை விட்டிறங்கி உலர்வலயத்தை நெருங்கும் இடத்தில் நாவுல அமைந்துள்ளது. அங்கிருந்து தம்புள்ளைக்கும் அதற்கு அப்பாலும் பரந்த காடுகளில் முதிரையும் பாலையும் வீரையும் ஓங்கி நிற்க, அவற்றின் நிழலில் மெல்ல வளரும் கருங்காலி, வயலின் முதலிய நரம்புக் கருவிகளை இசைக்கும் வில்லின் வரலாற்றில் உரிய இடம் பெறாத மரமாகும்.

வில்லின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் தண்டைப் பற்றியே பேசுகின்றனர். பாரிசில் கடிகாரத் தொழில் பழகிப் பின்னர் வில் செய்ய வந்த பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835), சாயத்துக்கென்று பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பெர்னம்புக்கோ மரத்தைத் தேர்ந்து, அனலில் வாட்டி உள்வளைவாக வளைத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய வில்லுக்கு வடிவம் கொடுத்தார் என்பதால் அப்புகழ் பொருத்தமானதே. ஆயினும் குதிரைவால் மயிரை வேண்டிய அளவுக்கு இறுக்கவும் தளர்த்தவும் வழியில்லையேல் எத்தகைய தண்டும் பயன்படாது. அந்த வேலையைச் செய்வது அடிக்கட்டை, அதாவது வாசிப்பவரின் பெருவிரல் படும் இடத்தில் தண்டின் கீழ்ப் பொருந்தி, மயிர்க்கற்றையின் ஒரு முனையைத் தாங்கி, திருகாணியைத் திருப்பத் திருப்ப முன்னும் பின்னும் நகரும் சிறு கட்டை. கைக்குள் அடங்கும் அத்துண்டில் மயிர் முடிச்சு அமரும் குழியும், அதை அடைக்கும் ஆப்புக்கு இடமும், முத்துச்சிப்பித் தகடு செல்லும் பள்ளமும், திருகாணி நுழையும் பித்தளைக் கண்ணுக்கான துளையும் குடையப்படுவதால், எஞ்சும் சுவர்கள் மிக மெல்லியனவாகவே நிற்கும். நார் பிரியும் மரமாயின் உளி பட்டதும் பிளந்துவிடும். கருங்காலியோ இழை நெருங்கியதாய், நீரில் அமிழும் கனமுடையதாய், தேய்த்த அளவிலேயே மெருகேறுவதாய், கைவியர்வையைப் பல்லாண்டு தாங்குவதாய் இருந்தமையால், தந்தத்திலும் ஆமையோட்டிலும் வேலை செய்த கைவினைஞர்களும் வழக்கமான வில்லுக்கு அதையே நாடினர்.

ஆபிரிக்காவிலும் மொரீசியசிலும் கருங்காலி இனங்கள் உண்டெனினும், கோடின்றி முழுக் கறுப்பாக வயிரம் பாயும் மரமென்று பெயர் பெற்றது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் இனமே. அது ஒல்லாந்தர் காலத்தில் கட்டில்களும் நாற்காலிகளுமாகவும், பிரித்தானியர் காலத்தில் குற்றிகளாகவும் கடல் கடந்தது. வெளிறிய வெளிமரத்துக்குள் கறுத்த வயிரம் எவ்வளவு பருமன் என்பது வெட்டிய பின்னரே தெரியுமாதலால், மெலிந்த வயிரத்துக்காகவும் முழுமரம் வீழ்ந்தது. நூறாண்டில் வளர்ந்ததை ஒரு நாளில் இழந்த அந்த இழப்பு எளிதில் ஈடாவதன்று.

இந்த ஏற்றுமதி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1858) தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் (1810–1847) வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். நீண்ட கமகங்களை இடையறாது இழுத்துச் செல்லும் வில்லுக்குத் தமிழரிடையேயும் தேவை எழுந்தது.

இப்போது பெர்னம்புக்கோ, 2007 முதல், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் உள்ளது. இலங்கைக் கருங்காலியின் ஏற்றுமதியைச் சட்டம் தடுக்கிறது. நாவுலவுக்கு வடக்கே, தம்புள்ளைக்கு அருகில், முன்னாள் தேயிலைத் தோட்டக்காரரான சாம் பொப்ஹாம் 1963இல் தொடங்கிய மரச்சோலையில், சேனைப் பயிர்ச்செய்கையால் காடழிந்த நிலத்தின் முட்புதரைக் களைந்து, தாமாக முளைத்த கன்றுகளைக் காத்ததன் பயனாக, கருங்காலியும் முதிரையும் மீண்டும் மரங்களாக எழுந்துள்ளன.