குறையில்லாமை மட்டும் நலமாகுமா? கால்நடை நலனை அளந்த வரலாறு



ஒரு மாட்டிற்குப் பசி இல்லை, நோய் இல்லை, காயமும் இல்லை. அது நலமாக இருக்கிறது என்று கூற இவ்வளவு போதுமா? ஆடு, மாடு போன்ற அசைபோடும் கால்நடைகளைப் பற்றி அறிவியலாளர்கள் இக்கேள்வியை முறையாக ஆராயத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. ஆயினும் கேள்வி பழையது.

ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், தமது ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் மனிதர் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார்கள். முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையிலும் அவற்றுக்குச் செலவிட வேண்டும். சக்திக்கு மீறிச் சுமை ஏற்றக் கூடாது. முட்டிக் காயப்படுத்தும் பிராணிகளோடு அடைக்கக் கூடாது. அவற்றின் கண்ணெதிரே குட்டிகளை அறுக்கக் கூடாது. இவையெல்லாம் தீங்கைத் தடுப்பவை. அதே பட்டியலில், தங்குமிடத்தையும் நீர் அருந்துமிடத்தையும் நல்லவையாக அமைப்பதும், இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணையும் பெண்ணையும் சேர விடுவதும் இடம்பெற்றுள்ளன. நன்மையைத் தேடித் தருவதும் கடமை என்பதே இவற்றின் பொருள்.

நவீன ஆய்வு வேறொரு வழியில் இவ்விடத்தை வந்தடைந்தது. 1964இல் பிரிட்டனில் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூல், பண்ணை விலங்குகள் இயந்திரங்களைப் போல் நடத்தப்படுவதை வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவாக அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை அளித்தது. விலங்கு சிரமமின்றித் திரும்பவும், உடலைத் துப்புரவு செய்துகொள்ளவும், எழவும், படுக்கவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அது கூறியது. 1979இல் அமைந்த பண்ணை விலங்கு நல மன்றம் இக்கருத்தை ‘ஐந்து சுதந்திரங்கள்’ என விரித்தது. பசி தாகம், வசதிக்குறைவு, வலியும் நோயும், அச்சமும் துயரமும் ஆகியவற்றிலிருந்து விடுதலை என்பன நான்கு. இயல்பான நடத்தைக்குரிய சுதந்திரம் ஐந்தாவது. நான்கு ‘இல்லாமை’கள், ஒரே ஒரு ‘இருத்தல்’.

இந்தக் குறையை அதே மன்றம் 2009இல் நேர்செய்ய முற்பட்டது. விலங்கின் வாழ்வை ‘வாழத் தகாத வாழ்வு’, ‘வாழத் தகுந்த வாழ்வு’, ‘நல்வாழ்வு’ என மூன்றாக அது வகுத்தது. நல்வாழ்வை எவ்வாறு அளப்பது என்ற சிக்கல் அப்போது எழுந்தது. வாய் பேசாத உயிரின் மகிழ்ச்சியை அறிய வழி என்ன?

ஒரு வழி, விலங்கு எதற்காக உழைக்கிறது என்று பார்ப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடை கூட்டப்பட்ட கதவொன்றைப் பசுக்களின் முன் வைத்தனர். உடலைத் தேய்த்துக்கொள்ளும் சுழல் தூரிகையை அடைவதற்கு, புதிய தீவனத்துக்கு இணையான எடையை அவை தள்ளின. 2018இல் இம்முடிவு வெளியானது. 2004இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரு பலகையை அழுத்திக் கதவைத் திறக்கத் தாமாகவே கற்றுக்கொண்ட இளம் பசுக்கள், கற்ற அத்தருணத்தில் கிளர்ச்சியின் அறிகுறிகளைக் காட்டின.

மற்றொரு வழி, உற்று நோக்குவது. 2009இல் வெளியான ஐரோப்பிய மதிப்பீட்டு முறை, கறவை மாடுகளின் மனநிலையை ‘அமைதி’, ‘விளையாட்டு’, ‘சலிப்பு’ போன்ற 20 சொற்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தது. இங்கே எச்சரிக்கையும் தேவை. அடைத்து வைத்திருந்த கன்றை அவிழ்த்துவிட்டால் அது வழக்கத்தைவிட மிகுதியாகத் துள்ளும். அந்தத் துள்ளலில் மகிழ்ச்சியோடு, முன்பு அனுபவித்த அடைப்பும் தெரிகிறது. எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த வரலாறு நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. உள்ஹிய்யாவுக்கு ஆடு வாங்கும்போது பல், கண், கால், காது என ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறையில்லை என்று உறுதி செய்கிறோம். அது மார்க்கச் சட்டத்தின் தேவை. செய்தே ஆக வேண்டும். ஆனால், அதன் பிறகு அது நம்மிடம் கழிக்கும் நாள்கள் எப்படிப்பட்டவை? கயிறு, திரும்பிப் படுக்கப் போதுமான நீளமுடையதா? தரை காய்ந்திருக்கிறதா? மந்தையில் வாழ்ந்த உயிருக்குத் துணையாக இன்னோர் ஆடு உண்டா? சுற்றி நிற்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே அது அமைதியாகப் படுத்து அசைபோட முடிகிறதா?

அறுக்கும் கத்தியின் கூர்மையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதற்கு முந்தைய நாள்களின் நலனையும் அவர்களுக்குக் கற்பிப்போம். நம் பொறுப்பில் வந்த உயிர்களின் உரிமைகளைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.