கிரேக்க நகரக் காசுகளும் தமிழ்க் காசுப் பொறிப்பின் வேற்றுமை உருபும்

முன்னுரை

காசின் உலோகமும் எடையும் வணிக வரலாற்றுக்குச் சான்றாவதுபோல, அதன் மேலுள்ள எழுத்து மொழி வரலாற்றுக்குச் சான்றாகும். கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகளில் இடம்பெற்ற 'இன்னாருடையது' என்னும் பொறிப்பு மரபு, வடமேற்கு இந்தியா வழியே தக்காணம் வந்து தென்மொழி வடிவம் பெற்றது. சங்ககாலத் தமிழ் வேந்தர் காசுகளோ அம்மரபினின்று விலகி நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தார் காசு

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் ஒரு பேரரசன்று; தன்னாட்சி நகரங்கள் பல தத்தம் காசுகளை வெளியிட்டன. ஏதென்ஸ், லாரியன் சுரங்க வெள்ளியைக் கொண்டு அதீனா தெய்வமும் ஆந்தையும் பொறித்த நான்கு திரக்மாக் காசை ஏறத்தாழ 17.2 கிராம் எடையில் அடித்தது. கொரிந்து நகரம் சிறகுடைய குதிரையைப் பொறித்தது. சிரக்கூஸ் காசில் நாற்குதிரைத் தேரோடு 'சிரக்கூஸ் மக்களுடையது' எனப் பொருள்படும் ஆறாம் வேற்றுமைப் பன்மைச் சொல் காணப்படுகிறது. காசுக்கு உரியவர் நகரத்தாரே என்பது இதனால் விளங்கும். அலெக்சாந்தருக்குப் பின் நகரத்தார் பெயர் நின்ற இடத்தில் அரசன் பெயர் பெருவழக்காயிற்று. வேற்றுமை மட்டும் மாறவில்லை.

இருமொழிக் காசு

1933இல் காபூல் அருகே சமன்-இ-அசூரியில் கிடைத்த புதையலில் கிரேக்க நகரக் காசுகளும் உள்நாட்டு வெள்ளிக் காசுகளும் ஒன்றாக இருந்தன. பின்னர் இந்தோ-கிரேக்க அரசர்கள் இருமொழிக் காசுகளை வெளியிட்டனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் மெனாண்டர் காசில் ஒருபுறம் கிரேக்கமும், மறுபுறம் கரோட்டி எழுத்தில் 'மகாரஜச த்ரதரச மெனம்த்ரச' என்னும் பிராகிருதமும் உள்ளன. கிரேக்க ஆறாம் வேற்றுமை, சொல்லுக்குச் சொல் பிராகிருத '-ச' உருபாயிற்று. தில்லிக்கு வடக்கே சோனிபத்திலும் இத்தகைய காசுப் புதையல் கிடைத்துள்ளது.

இம்மரபை மேலைச் சத்திரபர் பின்பற்றினர். 1906இல் நாசிக் பகுதியின் சோகல்தெம்பியில் கிடைத்த 13,000க்கும் மேற்பட்ட நகபானன் காசுகளில் பெரும்பாலானவற்றின் மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மீண்டும் அடித்துள்ளான். அடுத்து வந்த சாதவாகனர், தலை உருவம் பொறித்த வெள்ளிக் காசில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தென்மொழியும் அமைத்தனர். வாசிட்டிபுத்திர புலுமாவியின் காசில் அது 'அரஹணகு வஹிட்டி மகணகு திரு புலுமாவிகு' என அமைகிறது. இதனைத் தமிழ் என்பாரும் தமிழோடு நெருங்கிய திராவிட மொழி என்பாரும் உளர்.

'கு' உருபின் சிக்கல்

உடைமைப் பொருளில் ஆறாம் வேற்றுமை வரவேண்டிய இடத்தில் இங்கு நான்காம் வேற்றுமை உருபு வந்தது ஏன்? உயர்திணைத் தொகையை விரிக்குமிடத்து 'அது' கெட்டுக் 'கு' வரும் எனத் தொல்காப்பியம் கூறும். 'நம்பிமகன்' என்பது 'நம்பிக்கு மகன்' என விரியும். ஆனால் காசு அஃறிணை. ஆகவே இவ்விதி மட்டும் போதாது. பிராகிருதத்தில் நான்காம் வேற்றுமை பெரிதும் வழக்கிழக்க, ஆறாம் வேற்றுமையே அதன் பொருளையும் ஏற்றது. எனவே மொழிபெயர்த்தவர் '-ச' உருபுக்கு நேராகக் 'கு' உருபைக் கொண்டார் எனக் கருதுவது பொருந்தும். பெயரை மட்டுமன்றி உருபையும் பெயர்க்க முயன்றதன் தடம் இது.

தமிழ் வேந்தர் காசு

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிரேக்கக் காசுகளும் உரோமக் காசுகளும் கிடைத்துள்ளன. ஆங்குக் கிடைத்து இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசில் தலை உருவத்தோடு 'மாக்கோதை' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. பாண்டியர் செப்புக் காசில் 'பெருவழுதி' என்றுள்ளது. இரண்டிலும் உருபு இல்லை. பெயர் எழுவாயாகவே நிற்கிறது. தலை உருவம் பொறிக்கும் வழக்கை அயலார் காசினின்று ஏற்ற சேரர், அயற்பொறிப்பின் தொடரமைப்பை ஏற்கவில்லை.

முடிவுரை

உருவ ஒற்றுமை ஒன்றையே கொண்டு தமிழ்க் காசுகளை அயற்காசுகளின் படி எனக் கொள்வது பொருந்தாது. 'மக்களுடையது', 'அரசனுடையது', 'அரசனுக்கு', 'மாக்கோதை' என்னும் நால்வகைப் பொறிப்பும் ஒருங்கு வைத்து ஆராயத்தக்கவை. தில்லி தேசிய அருங்காட்சியகத் தொகுப்பிலுள்ள இந்தோ-கிரேக்கக் காசுகளைக் காசியல் அறிஞரோடு தமிழ் இலக்கண ஆய்வாளரும் பயிலுதல் வேண்டும். காசின் ஈற்றெழுத்தைப் படிக்க இலக்கண அறிவும் இன்றியமையாதது.