அடால்ஃப் வான் பேயர்

அடால்ஃப் வான் பேயர் (1835–1917), அவுரி நீலத்தின் வேதியியல் அமைப்பை நிறுவிய ஜெர்மன் வேதியியலாளர். 1905ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். பேயர் மருந்து நிறுவனத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை. நிலஅளவை வல்லுநரான படை அதிகாரிக்கு மகனாகப் பெர்லினில் பிறந்தார். பதின்மூன்றாம் பிறந்தநாளில் 2 தாலர் கொடுத்து ஒரு நீலக்கட்டி வாங்கியதாக அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஹைடெல்பெர்க்கில் புன்சனிடமும் கெகுலேயிடமும் பயின்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் 1872 முதல் பேராசிரியராக இருந்தவர், 1875இல் மியூனிக்கில் லீபிக் வகித்த பதவிக்கு வந்தார்.

இந்த வாழ்க்கை நமக்கு அந்நியமானதல்ல. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, கடப்பை வட்டாரங்களில் அவுரி பணப்பயிராக விளைந்தது. தழையைத் தொட்டி நீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள இண்டிகன் பிரிந்து நிறமற்ற இண்டாக்சிலாகும். நீரைத் துடுப்பால் அடித்துக் காற்றுப் படவிட்டதும் அது நீலமாகிக் கீழே படியும். அந்த வண்டலைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக உலர்த்துவார்கள். சோழமண்டலக் கரையின் சிவப்போ சாயவேரிலிருந்து வந்தது. அதற்கு நிறம் தரும் அலிசாரினை 1868இல் செயற்கையாகச் செய்த கிரேபேயும் லீபர்மனும் பேயரின் பெர்லின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கைகொடுத்ததும் பேயரின் துத்தநாகத் தூள் முறைதான். நம் இரு பெரும் சாயங்களின் விதியிலும் பேயரின் பெயர் கலந்திருக்கிறது.

அதனால் பேயரை இந்திய அவுரியை அழித்தவர் என்று சொல்லும் பழக்கம் உண்டு. இது சரியான கணிப்பல்ல. அவர் 1880இல் கண்ட செயற்கை நீலம் விலையில் தோற்றது; எந்தத் தொழிற்சாலையும் அதைக் கொண்டு அவுரியை வெல்லவில்லை. 1883இல் அவர் நிறுவிய மூலக்கூறு அமைப்பே அவருடைய உண்மையான சாதனை. சந்தையைப் பிடித்த வழி, சூரிச்சில் ஹாய்மன் 1890இல் கண்டது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மார்க் செலவிட்டு, 1897இல்தான் அந்த நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமைப்பு தெரியாமல் ஹாய்மன் அந்த வழிக்கு வந்திருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது, பேயரின் பங்கை அந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலை சரிந்தபோது அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை வேதியியல் தீர்மானிக்கவில்லை. சம்பாரணில் தோட்ட முதலாளிகள் தங்கள் நஷ்டத்தைக் குத்தகை உயர்வாகக் குடியானவர்மேல் ஏற்றினார்கள். 1917இல் காந்தி அங்கே போகக் காரணமான கொடுமைகளில் இதுவும் ஒன்று. ஆய்வுக்கூடத்தின் பேரில் அந்தப் பழியைப் போட்டால் முதலாளிகளும் அவர்களுக்குத் துணைநின்ற அரசும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு தடையும் எழுப்பலாம்: நோபல் குழுவே அவரது பரிசுரையில் வேதித்தொழிலின் முன்னேற்றத்தையும் குறிப்பிட்டதே? குறிப்பிட்டது உண்மை. அதே உரை ஹைட்ரோ அரோமாட்டிக் சேர்மங்களையும் சொல்கிறது. அவை சாயக் கடையில் விற்கும் சரக்கல்ல. தொழிற்சாலை நீலம் வருவதற்கு வெகுமுன்பே, 1881இல் லண்டன் ராயல் சொசைட்டி டேவி பதக்கம் அளித்தது. 1885இல், அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி, பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் பரம்பரைப் பிரபுப் பட்டம் தந்தார். பார்பிட்யூரிக் அமிலம், ஃபினால்ஃப்தலீன், கார்பன் வளையங்களின் இறுக்கக் கோட்பாடு ஆகியவையும் இவருடையவை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரத்தைக் கண்டதும் இளஞ்சிவப்பாகும் அந்த ஃபினால்ஃப்தலீனை நம் மாணவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

பதக்கங்களைவிட மாணவர் வரிசையே அவருக்குப் பெரிய மரியாதை என்று கருத இடமுண்டு. எமில் ஃபிஷர் (1902), எட்வர்ட் புக்னர் (1907), ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் (1915) மூவரும் அவரிடம் பயின்று நோபல் பெற்றவர்கள். அவர்களில் புக்னர், உயிருள்ள செல் இல்லாமலும் நொதித்தல் நடக்கும் என்று காட்டினார். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டின் நொதிகளை. அவுரித் தொட்டியில் இண்டிகனைப் பிரிப்பதும் அத்தகைய ஒரு நொதியே.